யாரைப் புரிந்துகொள்ள வேண்டும்?

புத்தகக் கடையில் மற்ற அலமாரிகளுக்கு வருகிறவர்கள் புத்தகம் தேடி வருவார்கள். உளவியல் அலமாரிக்கு வருகிறவர்கள் மட்டும் மனதில் ஒரு குற்றவாளியோடு வருவார்கள். அந்தக் குற்றவாளி கடைக்கு வந்திருக்க மாட்டார். பாவம், வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பதினான்கு வருடமாகக் கடை நடத்துகிறேன். நோட்டு, கைடு, போட்டித் தேர்வுப் புத்தகம் என்றுதான் பிழைப்பு ஓடுகிறது. ஆனால் என் பெருமையெல்லாம் கடைசி வரிசையில் இருக்கும் அந்த ஒரு அலமாரிதான். மனிதர்களைப் புரிந்துகொள்ள நல்ல புத்தகம் ஒன்று சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும் நான் உடனே கையை நீட்டி எடுத்துக் கொடுக்க மாட்டேன். "யாரை?" என்று கேட்பேன். மாமியாரை, மருமகளை, மேனேஜரை, பங்காளியை என்று பதில் வரும். "என்னை" என்று சொன்னவர் இந்தப் பதினான்கு வருடத்தில் ஒருவர்கூட இல்லை.

கைவசம் இல்லாத புத்தகத்தை வரவழைத்துக் கொடுக்க எல்லாக் கடையிலும் ஓர் ஆர்டர் நோட்டு இருக்கும். பெயர், போன் நம்பர், புத்தகத்தின் பெயர் என்று மூன்று கட்டம். என் நோட்டில் நாலாவதாக ‘யாருக்காக’ என்று ஒரு கட்டம் உண்டு. அது என் கண்டுபிடிப்பு. அதோடு விடமாட்டேன். எந்த அத்தியாயத்தை முதலில் படிக்க வேண்டும், படித்துவிட்டு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக் கொடுப்பேன். சீட்டு வேண்டும் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

ஊருக்கு இவ்வளவு வைத்தியம் பார்க்கிறவன் வீட்டு லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆவூரில் இருக்கும் என் அண்ணன், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், என்னோடு பேசி இரண்டு வருடம் ஆகிறது. என் மகள் கல்யாணத்துக்கு வந்தார். கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பூசை முடிந்ததும் மகள் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதித்தார். பந்திக்கு உட்காராமல் பஸ் ஏறிவிட்டார். கூடப்பிறந்தவன் வீட்டுக் கல்யாணத்தில் கை நனைக்காமல் போகிற மனிதரை என்னவென்று சொல்வது? ஈகோ என்று அன்றைக்கே முடிவு கட்டினேன். அந்தத் தலைப்பில் மட்டும் என் அலமாரியில் ஏழு புத்தகம் இருக்கிறது.

இப்போது மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. அடுத்த மாதம் ஞானஸ்நானம். பெரியப்பாதான் குழந்தையைக் கையில் ஏந்தி ஞானத்தகப்பனாக நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ஞானஸ்நானமே இப்போது வேண்டாம் என்று மகள் பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டாள். நீங்கள் போய்க் கூப்பிடுங்கள் என்று தினமும் என் உயிரை வாங்குகிறாள். சாப்பிடாமல் போனவர் அவர், நான் ஏன் போக வேண்டும் என்பது என் கட்சி. இந்த மாதிரிக் கட்சி வைத்திருக்கும் சக கஷ்டஜீவிகளே, மேற்கொண்டு படியுங்கள்.

ஒரு வீட்டில் இரண்டு பிரதி

கீரமங்கலத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். பூ மார்க்கெட்டில் காலையில் பூவைப் போட்டுவிட்டு நேராகப் பஸ் ஏறி வந்தவர். மருமகளைப் புரிந்துகொள்ள வேண்டுமாம். ஒத்துவராத மனிதர்களோடு ஒத்துப்போவது பற்றி ஒரு புத்தகம் கொடுத்தேன். சீட்டில், ‘எதிராளி எது சொன்னாலும் பதில் பேசாமல் புன்னகை செய்யவும்’ என்று எழுதினேன். அடுத்த வாரம் ஒரு சின்னப் பெண் வந்தது. அதுவும் கீரமங்கலம்தான். அதற்கு மாமியாரைப் புரிந்துகொள்ள வேண்டுமாம். அதே புத்தகம், அதே சீட்டு. கீரமங்கலத்தில் எத்தனையோ வீடு இருக்கிறது, இரண்டு பேரும் ஒரே வீடாக இருக்கும் என்று நான் ஏன் நினைக்கப் போகிறேன்?

ஒரு மாதம் கழித்து அந்த அம்மா திரும்பி வந்தார். வீட்டில் சண்டை நின்றுவிட்டது என்றார். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறை. சண்டை மட்டுமல்ல, பேச்சும் நின்றுவிட்டது என்று பிறகு சொன்னார். அடுப்படியில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் புன்னகை செய்துகொண்டே இருக்கிறார்களாம். மகன் பயந்துபோய், சாப்பாட்டைத் தோட்டத்துக்கே கொடுத்துவிடச் சொல்லிவிட்டானாம். நான் வாயைத் திறக்கும் முன்னால் அந்த அம்மா புத்தகத்தை மேஜையில் வைத்துச் சொன்னார்:

"அவளும் இதத்தான் படிக்கிறா தம்பி. நான் சிரிச்சா அவளும் சிரிக்கிறா. அவ படிக்காததா வேற ஒண்ணு குடுங்க."

காபித் தட்டு

கறம்பக்குடிப் பக்கத்துப் பையன் ஒருவர், சிங்கப்பூரில் வேலை. லீவில் பெண் பார்க்க வந்திருந்தார். ஒரு மாதத்தில் பெண்ணைப் பார்த்து, பேசி, முடித்துவிட்டு விமானம் ஏற வேண்டும். வாயால் சொல்வதை எல்லாம் நம்ப முடியாது, உடம்பின் அசைவை வைத்தே மனதைக் கண்டுபிடிக்கும் புத்தகம் வேண்டும் என்றார். என்னிடம் இருந்தது. படத்தோடு இருந்தது. மூக்கைத் தடவினால் பொய், காலை ஆட்டினால் பொறுமை இல்லை, கையைக் கட்டினால் மனதை மூடிக்கொண்டார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். சீட்டில், ‘கைகளைக் கவனிக்கவும்’ என்று இரண்டு கோடு போட்டு எழுதிக் கொடுத்தேன்.

பதினைந்து நாளில் மூன்று பெண்களை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். முதல் பெண் மூக்கைத் தடவியதாம். அதற்கு ஜலதோஷம் என்று பெண்ணின் அப்பா சொன்னதையும் இவர் நம்பவில்லை, ஏனென்றால் அப்பாவும் மூக்கைத் தடவினாராம். இரண்டாவது பெண் கழுத்தைத் தொட்டது. மூன்றாவது பெண் இவரை நிமிர்ந்தே பார்க்கவில்லை. நாலாவது வீட்டுக்குப் போய்விட்டு நேராகக் கடைக்கு வந்தார். பெண் பிடித்திருக்கிறது, ஆனால் சரி என்று சொல்லப் பயமாக இருக்கிறது என்றார். என்ன சந்தேகம் என்று கேட்டேன். புத்தகத்தை விரித்து என் முன்னால் வைத்தார்.

"அந்தப் பொண்ணு ரெண்டு கையாலயும் காபித் தட்ட புடிச்சுக்கிட்டே நின்னுச்சுண்ணே. அதுக்கு அர்த்தம் எந்தப் பக்கத்துல இருக்கு?"

ஸ்டேஷன் ரைட்டர்

போலீஸ் ஸ்டேஷனில் வருகிற புகாரையெல்லாம் எழுதிப் பதிவு செய்கிறவரை ரைட்டர் என்பார்கள். அப்படி ஒரு ரைட்டர் தன் மகளுக்குக் கைடு வாங்க வந்தவர், என் அலமாரியைப் பார்த்து நின்றார். விட்டேனா? குற்றவாளிகளின் மனம் பற்றி என்னிடம் மூன்று புத்தகம் இருக்கிறது, உங்களுக்கு ரொம்ப உதவும் என்று ஆரம்பித்தேன். அவர் ஒரு புத்தகத்தைப் புரட்டினார், விலை பார்த்தார், திரும்ப அதே இடத்தில் வைத்தார். இருபது வருடமாகப் புகார் மனு படிக்கிறவனுக்கு இது எதற்கு என்றார். அதில் என்ன தெரிந்துவிடப் போகிறது, ஆளாளுக்குப் பொய்தானே எழுதுவார்கள் என்று நான் மடக்கினேன். அவர் கோபப்படவில்லை. கைடை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சாவகாசமாகச் சொன்னார்:

"பொய்யெல்லாம் எழுத மாட்டாங்க சார். அடுத்தவன் செஞ்சத அப்படியே எழுதுவாங்க, அதுக்கு முன்னாடி தான் என்ன செஞ்சோம்ங்கிறத மட்டும் விட்டுருவாங்க."

நின்று படிக்கிறவர்

ரிட்டயரான கிராம நிர்வாக அதிகாரி ஒருவர் தினமும் பதினொரு மணிக்கு வருவார். ஒரு புத்தகமும் வாங்க மாட்டார். அலமாரி முன்னால் நின்றபடியே படிப்பார், படித்த பக்கத்தில் பஸ் டிக்கெட்டை அடையாளம் வைத்துவிட்டுப் போவார். அடுத்த நாள் வேறு யாராவது அந்தப் புத்தகத்தை எடுத்தால் முறைப்பார். இப்படி நின்றே முழு அலமாரியையும் முடித்த ஒரே மனிதர் அவர்தான். முடித்த பிறகு கடைக்கு வருகிறவர்களுக்கு எல்லாம் நோய் கண்டுபிடிக்க ஆரம்பித்தார். பென்சில் வாங்க வந்த ஒரு டீச்சரைப் பார்த்து, உங்களுக்கு உள்ளே ஒரு பயம் இருக்கிறது என்றார். அந்த டீச்சர் அதற்குப் பிறகு எதிர்க்கடையில்தான் பென்சில் வாங்குகிறார்.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்தவர் மனதுக்குள் இப்படி அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது என்று அவருக்குப் பத்து நிமிடம் வகுப்பு எடுத்தேன். நானும் ஒவ்வொரு புத்தகத்திலும் சீட்டு எழுதி வைக்கிறவன்தான் என்பது அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை. அவர் தலையைச் சாய்த்து, கண்ணை இடுக்கி என்னையே பார்த்தார். பிறகு டிக்கெட்டைப் பக்கத்தில் வைத்துப் புத்தகத்தை மூடினார்.

"ஒங்களுக்கு அண்ணன் தம்பி யாராச்சும் இருக்காங்களா? இருந்தாலும் பேச்சுவார்த்தை இருக்காதே."

தலைக்கனம் பிடித்த தம்பி

பஸ் கிளம்ப நேரம் இருக்கும்போது கடைக்கு வந்து பேப்பர் புரட்டிவிட்டுப் போகும் ஒரு தனியார் பஸ் கண்டக்டர் உண்டு. அவர் ஒருநாள் ஒரு கோரிக்கையோடு வந்தார். அவருடைய பஸ்ஸில் அடிக்கடி வருகிற பெரியவர் ஒருவர், மனிதர்களைப் புரிந்துகொள்ள ஒரு நல்ல புத்தகம் டவுனில் விசாரித்து வாங்கிவரச் சொன்னாராம். யாரைப் புரிந்துகொள்ள என்று வழக்கம்போலக் கேட்டேன். தம்பியையாம். தம்பி எப்படி என்றேன். ஊரில் உள்ளவனுக்கெல்லாம் யோசனை சொல்வாராம், வீட்டு ஆட்களைக் கண்டுகொள்ள மாட்டாராம், தன் மேல் தப்பு இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே தோன்றாதாம்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. புத்தகத்தில் போட்டிருக்கிற அத்தனை அறிகுறியும் ஒரே ஆளிடம் இருக்கிற கேஸ் எப்போதாவதுதான் கிடைக்கும். ஆர்டர் நோட்டை எடுத்து ‘யாருக்காக’ என்ற கட்டத்தில், ‘தலைக்கனம் பிடித்த தம்பிக்காக’ என்று எழுதினேன். புத்தகம் வர ஒரு வாரம் ஆனது. வந்ததும் சீட்டு எழுத உட்கார்ந்தேன். ‘இப்படிப்பட்டவர்களிடம் நியாயம் பேசிப் பயனில்லை. தாங்களாக இறங்கி வரவே மாட்டார்கள். உறவு வேண்டும் என்றால் நீங்கள்தான் போக வேண்டும். போன இடத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.’ கடைசி வரி எந்தப் புத்தகத்திலும் இல்லை. என் வயிற்றெரிச்சலில் வந்தது. கண்டக்டர் அதை வாசித்துப் பார்த்துவிட்டு அசந்துபோனார்.

"அந்தத் தம்பிகாரர நேர்ல பாத்த மாதிரியே எழுதியிருக்கீங்களேண்ணே."

திரும்பி வந்த புத்தகம்

பத்து நாள் கழித்துக் கண்டக்டர் புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். பெரியவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். விரித்துப் பார்த்தேன், சீட்டைக் காணோம். சீட்டை மட்டும் வைத்துக்கொண்டாராம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தாராம், பிறகு ஒரே சிரிப்பாம், சிரித்து முடித்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். எனக்கு எங்கேயோ இடித்தது. பெரியவர் பெயர் என்ன என்று கேட்டேன். பெயர் தெரியாது, ஆவூர் ஹெட்மாஸ்டர் சார் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள் என்றார். அந்த பஸ் ஆவூர் வழியாகப் போகிறது என்பது எனக்குத் தெரியும். பதினான்கு வருடமாகத் தெரியும்.

அப்படி அந்தத் தம்பி என்னதான் செய்தாராம் என்று கேட்டேன். குரல் எனக்கே வேறு மாதிரி இருந்தது. கண்டக்டருக்கு எதுவும் புரியவில்லை, அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். கேட்கக் கேட்க எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. மகள் கல்யாணத்துக்கு நானும் மனைவியும் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் அழைத்தோம். பேப்பர் ஏஜென்ட், பைண்டிங் கடைக்காரர், எதிர்க்கடைக்காரர் ஒருவரையும் விடவில்லை. அண்ணனுக்கு மட்டும் பத்திரிகையைச் செல்போனில் அனுப்பினேன். அண்ணன் நம்ம ஆளு, அவருக்கு எதற்குத் தட்டு என்று நினைத்தேன். ஒரு போன்கூடப் பண்ணவில்லை. இந்தக் கட்டுரையின் ஆரம்பத்தில் நான் வீட்டு லட்சணத்தைச் சொன்ன இடத்தைத் திரும்பப் பாருங்கள், இந்த ஒன்றை மட்டும் விட்டிருப்பேன். அந்த ரைட்டர் என்னைப் பார்த்துத்தான் சொன்னாரோ என்னவோ. எனக்கு வெட்கமாக இருந்தது. கண்டக்டர் இன்னும் முடிக்கவில்லை.

"தம்பி பத்திரிக வைக்க வருவான்னு மூணு நாளு சாயங்காலம் வெள்ள வேட்டி கட்டிக்கிட்டு வாசலப் பாத்து ஒக்காந்திருந்தாராம். வீட்டுல முறுக்கு சுட்டு வச்சிருந்தாங்களாம். நாலாவது நாளு செல்லுல டிங்குன்னு வந்துச்சாம்."

ஆவூர்

மறுநாள் கடையைத் திறக்கவில்லை. தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ, மகள் பிடிவாதமாக முன்பே அச்சடித்து வைத்திருந்த ஞானஸ்நானப் பத்திரிகை எல்லாம் வைத்துக்கொண்டு நானும் மனைவியும் பஸ் ஏறினோம். மகள் வாசலில் நின்று, நான் திரும்பி ஓடிவிடுவேனோ என்று தெருமுனை வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். அதே பஸ், அதே கண்டக்டர். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எங்கே இறங்குகிறோம் என்று கேட்டார். ஆவூர் என்றேன். அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை. போகிற வழியெல்லாம் மனதுக்குள் பேச்சைத் தயார் பண்ணிக்கொண்டு போனேன். மன்னிப்புக் கேட்பது எப்படி என்று ஒரு புத்தகமே நான் விற்கிறேன். ஐந்து படிநிலை இருக்கிறது அதில்.

அண்ணன் பனியனோடு மேஜை முன்னால் நின்று ஒரு சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு வருடத்தில் நன்றாக இளைத்திருந்தார். ஐந்து படிநிலையில் முதல் படிகூட எனக்கு ஞாபகம் வரவில்லை. "அண்ணே, தப்பு என் மேலதாண்ணே" என்றேன். அவர் சுவிட்சை அணைத்தார். தட்டை இரண்டு கையாலும் வாங்கி மேஜையில் வைத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பத்திரிகையை முன்னும் பின்னும் வாசித்தார். ஞானத்தகப்பன் என்று போட்டிருந்த இடத்தில் தன் பெயரைப் பார்த்துவிட்டு அதை இன்னொரு தடவை வாசித்தார். பிறகு அண்ணி கையில் தட்டைக் கொடுத்துவிட்டு, மேஜை டிராயரிலிருந்து என் சீட்டை எடுத்து என் முன்னால் நீட்டினார்.

"ஒன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? நாளைக்கி நானே ஒன் வீட்டுக்கு வாரதாத்தான் சட்டையத் தேச்சுக்கிட்டிருக்கேன். தானா எறங்கி வர மாட்டான், நீங்கதான் போகணும்னு எழுதிக் குடுத்த வைத்தியரு ஒரு நாளு முந்திக்கிட்டாரு. சரி, எலையப் போடச் சொல்றேன், ஒக்காரு. போன எடத்துல சாப்புட்டுட்டு வரணும்னு நீதான எழுதியிருக்க."

மறுநாள் கடையைத் திறந்ததும் ஆர்டர் நோட்டை எடுத்து, ‘யாருக்காக’ என்ற கட்டத்தில் முதல்முறையாக என் பெயரை எழுதினேன். பக்கத்தில் புத்தகத்தின் பெயர் எழுத வேண்டிய கட்டம் மட்டும் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது.